எந்த நூலை எடுப்பது?

சென்ற ஆண்டு ஓர் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றிருந்தேன். அங்கு உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவர்கள் சிலர், அருகிலுள்ள தாதிமை இல்லத்தில் தங்கியிருக்கும் முதியவர்களுக்குக் கைப்பின்னல் பொருள்கள் செய்து கொடுக்கத் திட்டமிட்டிருந்தார்கள். எனக்குப் பின்னத் தெரியும் என்பதால் என்னை உதவிக்கு அழைத்திருந்தார்கள். மேசைமீது நூல் உருண்டைகள் குவிந்து கிடந்தன. வெள்ளி இழை மின்னும் ஊதா நூல், பூனையின் வாலைப்போல் மயிர் சிலிர்த்து நிற்கும் இளஞ்சிவப்பு நூல், வெல்வெட் துணிபோல் வழவழப்பான பச்சை நூல் என ஒவ்வொன்றும் கண்ணைப் பறித்தது. ஓர் ஓரத்தில் சாதாரணச் சாம்பல் நிற நூல் உருண்டை ஒன்று இருந்தது. அதை யாரும் தொடவில்லை. நான் அதைத்தான் கையில் எடுத்து, “இதில் தொடங்குங்கள்,” என்றேன். மாணவர்களின் முகங்கள் வாடிவிட்டன.

அவர்களின் ஏமாற்றம் எனக்குப் புரிந்தது. ஆனாலும், என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. பின்னக் கற்றுக்கொள்பவர்கள், அதிலும் பிறருக்குக் கொடுப்பதற்காகப் பின்னுபவர்கள், முதலில் எளிய நூலையே எடுக்க வேண்டும். அலங்கார நூலுக்கும் இடம் உண்டு. அந்த இடம் பொருளின் ஓரம்தான்.

‘ஆண்டு முழுவதும் வியர்க்கும் ஊரில் பின்னலாடை எதற்கு?’ என்று நீங்கள் சிரிக்கலாம். நம் நேரத்தில் பெரும்பகுதியைக் குளிரூட்டப்பட்ட அறைகளில்தானே கழிக்கிறோம்? நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலே விரல்கள் சில்லிட்டுப் போகின்றன. நடமாட்டம் குறைந்த முதியவர்களுக்கு இன்னும் அதிகமாகக் குளிரும். வயது ஏற ஏறத் தோல் மெலிகிறது. உடல் தன் வெப்பத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் திறனும் குறைகிறது. அவர்களுக்குக் கனமான மேற்சட்டை தேவையில்லை. மணிக்கட்டையும் உள்ளங்கையையும் மூடும், விரல் பகுதி இல்லாத கையுறை போதும். ஒரு குல்லாய் போதும்.

சிறிய பொருள் என்பதால் அதைக் குறைவாக எண்ணிவிட வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் 2021ஆம் ஆண்டு நடந்தபோது, பிரிட்டிஷ் முக்குளிப்பு வீரர் டாம் டேலி, பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து பின்னிக்கொண்டிருந்த படம் உலகெங்கும் பரவியது. தாம் வென்ற தங்கப் பதக்கத்தில் கீறல் விழாமல் இருக்க, அதற்கென ஒரு சிறு பையையும் அவர் செய்திருந்தார். அதன் ஒரு பக்கத்தில் பிரிட்டனின் கொடி. மறுபக்கத்தில் ஜப்பானின் கொடி. இந்தச் செய்தியைச் சொன்ன பிறகுதான், அதுவரை சுவரோரம் நின்றுகொண்டிருந்த மூன்று மாணவர்கள் மேசைக்கு அருகில் வந்தார்கள்!

இனி நூலைப் பற்றிப் பார்ப்போம். நெசவில் பாவு, ஊடை என இரு வகை நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. பின்னலில் பெரும்பாலும் ஒரே நூல்தான். அதை வளையமாக்கி, அந்த வளையத்துக்குள் இன்னொரு வளையத்தை இழுக்கிறோம். இவ்வாறு வரிசை வரிசையாக வளர்வதே பின்னல் துணி. ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவினால், அதன் கீழே இருக்கும் கண்ணிகளும் ஏணிப்படிபோல் ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டே போகும். எனவே, கண்ணிகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தொடக்கத்தில் எல்லாரும் தவறு செய்வார்கள். தவறு எங்கே நடந்தது என்பதைக் கண்டுபிடித்து, அதுவரை பிரித்து, மீண்டும் பின்னுவதில்தான் பாதிக் கல்வி அடங்கியிருக்கிறது.

பருத்தி, கம்பளி, அக்ரிலிக் ஆகியவற்றால் ஆன வழவழப்பான எளிய நூல்களில் கண்ணிகள் தெளிவாகத் தெரியும். இழுத்தால் மறுப்பின்றிப் பிரிந்து வரும். மயிர் சிலிர்த்த அலங்கார நூல் அப்படியன்று. நடுவில் மெல்லிய நூல் ஒன்று இருக்கும். அதிலிருந்து நூற்றுக்கணக்கான மெல்லிழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னிய பிறகு அந்த இழைகள் கண்ணிகளை முழுவதுமாக மறைத்துவிடும். 30 கண்ணிகளுடன் தொடங்கியவர், பத்தாவது வரிசையில் 26 கண்ணிகள் மட்டுமே இருப்பதைக் கவனிக்க மாட்டார். கவனித்தாலும் பயன் இல்லை. இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால், பிரிக்க முயன்றால் முடிச்சு விழும். கத்தரிக்கோல்தான் ஒரே வழி.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, எங்கள் பாட்டி மருத்துவமனையில் மூன்று வாரங்கள் தங்க நேரிட்டது. “கழுத்தெல்லாம் குளிருதும்மா,” என்று அவர் சொன்னதைக் கேட்டு, சேர்த்து வைத்திருந்த காசில் நீல நிற மயிர் நூல் வாங்கினேன். பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது; எனக்குச் சீனம் தெரியாது. என் கையைப் பிடித்துத்தான் சொல்லிக்கொடுத்தார். நூலைப் பார்த்ததும் அவர் தலையை ஆட்டினார். அதை நான் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வழியாகக் கழுத்துப்பட்டை முடிந்தது. ஒரு முனை அகலமாகவும் மறுமுனை எலிவால்போலவும் இருந்தது. பாட்டிக்கு அளவில்லா மகிழ்ச்சி! உடனே கழுத்தில் சுற்றிக்கொண்டார். சற்று நேரத்தில் இருமத் தொடங்கினார். உதிர்ந்த இழைகள் உதட்டில் ஒட்டின, கழுத்து சிவந்துபோனது. மறுநாள் போனபோது பட்டை தலையணைக்கு அடியில் இருந்தது. “அழுக்காகிவிடும் என்று பத்திரமாக வைத்திருக்கிறேன்,” என்றார் பாட்டி. உண்மை எனக்குத் தெரிந்துவிட்டது. பாட்டி வீடு திரும்பும்வரை அதை அங்கிருந்து எடுக்கவே இல்லை. நான் பாட்டிக்காகப் பின்னினேன் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். ஆனால், கடையில் அந்த நூலைத் தேர்ந்தெடுத்தபோது என் கண்ணுக்குப் பிடித்ததைத்தான் தேர்ந்தெடுத்தேன். அதை அணியப்போகும் கழுத்தை நினைத்துப் பார்க்கவில்லை.

தமிழில் ‘நூல்’ என்றால் புத்தகம் என்றும் பொருள் உண்டு. இரண்டையும் வெளித்தோற்றத்தைப் பார்த்தே வாங்கிவிடுகிறோம்! நூல் உருண்டையைச் சுற்றியிருக்கும் காகிதப்பட்டையைப் படிக்கப் பழகுங்கள். நூல் எதனால் ஆனது, எத்தனை மீட்டர் நீளம், எந்த அளவு ஊசி பொருந்தும், எப்படித் துவைப்பது ஆகிய எல்லா விவரங்களும் அதில் இருக்கும். சாயத் தொகுதி எண்ணும் இருக்கும். ஒரே நிறத்தில் இரண்டு உருண்டைகள் வாங்கினால் அந்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், பாதியில் நிறம் சற்றே மாறிவிடலாம். தாதிமை இல்லத்தில் துணிகளை அடிக்கடி இயந்திரத்தில் துவைப்பார்கள். சாதாரணக் கம்பளியைச் சுடுநீரில் போட்டு அலசினால் அது சுருங்கித் தடித்துவிடும். அக்ரிலிக் துவைப்பதைத் தாங்கும். சூடான இஸ்திரிப் பெட்டியைத் தாங்காது. பருத்தி உறுத்தாது, நன்றாகத் துவைக்கலாம். ஆனால் கம்பளியைப்போல் இழுபட்டுச் சுருங்காது. முதியவர்களின் கைக்கு நான் பருத்தியையோ மென்மையான அக்ரிலிக்கையோதான் தேர்ந்தெடுப்பேன்.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவி கையை உயர்த்தினாள். “வயதானவர்களுக்குப் பளபளப்புப் பிடிக்காது என்று யார் சொன்னது? சாம்பல் நிறத்தைக் கொடுத்தால் அவர்கள் மகிழ்ச்சி அடைவார்களா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. என் பாட்டிக்குக் கத்தரிப்பூ நிறச் சேலை என்றால் உயிர். முதியவர் என்றதும் மங்கிய நிறத்தை நீட்டுவதும் ஒருவகை அலட்சியம்தான். அவள் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். ஆனால், நிறம் வேறு, நூலின் தன்மை வேறு. எளிய நூலிலும் அடர் சிவப்பு உண்டு, மயில் நீலம் உண்டு. உடலில் படும் பகுதியை எளிய நூலால் பின்னிவிட்டு, கையுறையின் வெளி விளிம்பில் மட்டும் இரண்டு வரிசை மின்னும் நூலைச் சேர்க்கலாம். மிளகாய்த்தூள் குழம்புக்குச் சுவை சேர்க்கும். அதற்காகக் குழம்பையே மிளகாய்த்தூளால் வைக்க முடியுமா?

இன்னொரு மாணவன், கடையில் இதைவிட மலிவாகவே கையுறை கிடைக்கிறதே என்றான். உண்மைதான். நூலின் விலையையும் நம் நேரத்தையும் கணக்கிட்டால் கைப்பின்னல் தோற்றுவிடும். ஆனால், கடைக் கையுறை ஓர் அளவில் வருகிறது. மெலிந்த கை ஒன்று, வீங்கிய கை ஒன்று என்று இருப்பவருக்கு அது பொருந்தாது. நாம் பின்னினால் பொருந்தும். முதலில் ஒரு சிறு சதுரம் பின்னி, 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணிகள் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். 20 கண்ணிகள் என்றால், 15 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கு 30 கண்ணிகள். எல்லா வரிசைகளையும் ஒரே மாதிரி பின்னி, செவ்வகமாக முடித்து, கட்டைவிரலுக்கு இடம் விட்டுப் பக்கத்தைத் தைத்தால் கையுறை தயார்.

அந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோதுதான் ஒன்று தெரிந்தது. எங்களில் ஒருவருக்கும் அந்த முதியவர்களின் கை அளவு தெரியாது. அவர்களின் பெயர்களும் தெரியாது. எந்த நூல் என்று ஒரு மணி நேரம் வாதாடிக்கொண்டிருந்தோம். யாருடைய கைக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

அடுத்த வாரம் மாணவர்கள் அளவுநாடாவோடு தாதிமை இல்லத்துக்குப் போனார்கள். நானும் உடன் சென்றேன். பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி மட்டும் கையை நீட்டவில்லை.

“எனக்குக் கையெல்லாம் குளிரலப்பா. என் போன்தான் மடியிலேர்ந்து வழுக்கி வழுக்கி விழுது. கழுத்துல மாட்டுற மாதிரி ஒரு பை பின்னித் தருவியா? சிவப்புல வேணும்,” என்றார்.

கேள்வி கேட்ட அந்த மாணவி அளவுநாடாவைச் சுருட்டிவிட்டு, கைப்பேசியின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டாள். இரண்டு வாரங்களில் பை முடிந்தது. அடர் சிவப்புப் பருத்தி நூல். வாய்ப்பகுதியில் மட்டும் ஒரு வரிசை வெள்ளி மினுமினுப்பு. அதன் வாரை மூன்று முறை பிரித்துப் பின்னினாள். நான் எடுத்துக் கொடுத்த சாம்பல் நிற உருண்டை இன்னமும் அந்த மேசையில்தான் இருக்கிறது.