வீட்டுப் படமும் வாய்மையும்

கண்டி வாவியை நோக்கிய குன்றின்மேல் ஒரு வீடு. சாளரத்திற்கு வெளியே வெயிலில் மின்னும் நீர். உள்ளே நிழல் படிந்த கூடம். நம் கண் இரண்டையும் ஒருங்கே காணும். கமராவுக்கோ அவ்வாற்றல் இல்லை. கூடம் தெளிந்தால் சாளரம் வெளுக்கும். வாவி தெளிந்தால் கூடம் இருளும்.

இக்குறை புதிதன்று. 1850களில் குஸ்தாவ் லெ கிரே என்னும் பிரெஞ்சுக் கலைஞர், தம் கடற்காட்சிகள் சிலவற்றில், கடலுக்கு ஒன்றும் வானுக்கு ஒன்றுமாக இரு நெகட்டிவுகளை இணைத்து ஒரே படமாக அச்சிட்டார். இன்று வீட்டு விளம்பரத்திற்குப் படமெடுப்போர், கமராவை முக்காலியில் அசையாது நிறுத்தி, ஒளி குறைவாக ஒன்றும், அளவாக ஒன்றும், மிகையாக ஒன்றும் எடுத்துக் கணினியில் இணைக்கின்றனர்.

கண் காண்பதைக் காட்டும் வரையில் இது நற்கலையே. பகலிலும் விளக்கு வேண்டும் அறையை வெயிலறையாகக் காட்டுவதும், மலைநாட்டு மழை சுவரில் இட்ட ஈரக்கறையை அழிப்பதும் வஞ்சனையாகும். கடல் கடந்து வாழ்வோர் சிலர், படத்தையே நம்பி வாழ்நாட் சேமிப்பை அனுப்புகின்றனர். அவர்கட்கு நாம் கூறுவது இதுவே: படத்தைக் கண்டு மகிழ்க, ஆயின் மழைநாளொன்றில் நேரிற் சென்று, அல்லது உறவினரை அனுப்பி, விளக்கை அணைத்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுக.