பூட்டாத சித்திரசாலை

போன வாரம் திருநெல்வேலியில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அவருடைய தாத்தாவின் தைல வர்ணப் படம். கன்னமெல்லாம் வெடிப்பு! நண்பரின் மனைவி நல்லெண்ணெய் தொட்ட துணியோடு நின்றுகொண்டிருந்தார்.

"துடைக்காதீங்க, மதினி!" என்று தடுத்தேன். "அந்த எண்ணெய் காயாது. தூசியைத்தான் பிடித்து வைக்கும்."

"வெயில்தான் இப்படிப் பண்ணிட்டுதோ, அண்ணாச்சி?" என்றார் நண்பர்.

வெயில் மட்டுமல்ல, வரைந்தவரின் அவசரமும் காரணமாக இருக்கலாம். தைல வர்ணம் என்பது வர்ணப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்துக் குழைத்தது. அது தண்ணீர் வர்ணம் போல ஆவியாகி உலருவதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று இறுகுகிறது. ஆகவே அடிப்பூச்சை டர்ப்பன்டைன் விட்டு நீர்க்கப் பூச வேண்டும். மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்தால் மேல்பூச்சு முந்தி இறுகிவிடும், அடியிலுள்ளது பிறகு அசையும், படம் வெடிக்கும்.

இவ்வளவுதானே விஷயம் என்கிறீர்களா? இந்த வித்தையைக் கற்க ராஜா ரவிவர்மா பட்ட பாட்டைக் கேளுங்கள். 1862-ல், பதினான்கு வயதில், அவர் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். அரண்மனைச் சித்திரக்காரர் ராமசாமி நாயக்கர் தைல வர்ணத்தைச் சொல்லித்தர மறுத்துவிட்டார். நாயக்கரின் உதவியாளர் ஆறுமுகம் பிள்ளைதான் இரவில் ரகசியமாக வந்து சொல்லித் தந்தார் என்பார்கள். 1868-ல் தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பியச் சித்திரக்காரர் வந்தார். அவர் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பாடம் மட்டும் கிடையாது!

இனி, அன்று திருநெல்வேலி ஜில்லாவிலிருந்த கோவில்பட்டிக்கு வாருங்கள். 1898-ல் பிறந்து, சென்னைச் சித்திரப் பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு, நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதி வந்தவர். கம்பெனி கலைந்த பிறகு, 1940-களில் அவர் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். திரைக்கு வேறு வழி: வர்ணப் பொடியைப் பசையில் கரைத்துப் பூசுவார்கள். காய்ந்தால் நிறம் வெளிறிவிடும். அதை முன்கூட்டியே கண் கணக்கிட வேண்டும். இதையெல்லாம் ஏட்டில் எழுதிப் புரியவைக்க முடியுமா? பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் வரும்.

அப்படிப் பார்க்க, அவருடைய கதவு திறந்தே இருந்தது. டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், செண்பகராமன் முதலிய சிஷ்யர்கள் அவரிடம் தேர்ந்தார்கள். சிவகாசியில் அச்சான அவர்களுடைய சாமி படக் காலண்டர்கள் எத்தனையோ வீடுகளின் பூஜை அறையை அடைந்தன. சில படங்களின் மூலையைப் பாருங்கள்: குருவின் பெயரோடு சிஷ்யரின் பெயரும் இருக்கும்! 1976-ல் கொண்டையராஜு காலமானார். அந்தக் கைகள் தொடர்ந்து வரைந்தன.

நான் இதைச் சொல்லி முடித்தபோது, நண்பரின் சிறுமகள் தன் வர்ணப் பெட்டியை எடுத்து வந்தாள். "அடியில் நீர்க்க, மேலே எண்ணெய், சரிதானே, மாமா?" என்றாள்.

தாத்தாவின் கன்னத்து வெடிப்பு இனி மறையாது. அதன் காரணமாவது கொள்ளுப்பேத்திக்குத் தெரிந்ததே, அது போதும்.