ஓட்டுப் போட்டு வாங்கிய மின்சாரம்

1989 ஜூன் 6 அன்று, கலிஃபோர்னியா மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவைச் சுற்றியுள்ள மக்கள் ஒரு கேள்விக்கு ஓட்டுப் போட்டார்கள். ராஞ்சோ செகோ அணுமின் நிலையம் இயங்கலாமா, கூடாதா? கூடாது என்றனர் பெரும்பான்மையினர். மறுநாளே உலை நிறுத்தப்பட்டது. 913 மெகாவாட் நிலையம் அது. மின்சாரம் தரத் தொடங்கி 14 ஆண்டுகளே ஆகியிருந்தன. அமெரிக்காவில் மக்கள் வாக்களித்து மூடிய முதல் அணுமின் நிலையமும் அதுதான்.

இந்த உரிமை அவர்களுக்கு எப்படி வந்தது? நிலையம் அவர்களுடையது. அதை நடத்திய 'ஸ்மட்' என்ற அமைப்பும் அவர்களுடையதே. சாக்ரமெண்டோ முனிசிபல் யுட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட் என்பது அதன் முழுப்பெயர். மின்சாரம், தண்ணீர் போன்ற சேவைக்கென்றே எல்லை வகுத்து, மக்கள் வாக்கால் உருவாகும் உள்ளாட்சி அமைப்பு இது.

இதற்கு வழி திறந்தது 1921இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டம். ஒரு நகரமும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்து, அங்குள்ள வாக்காளர்கள் சம்மதித்தால், தங்களுக்கென்று ஒரு சேவை மாவட்டத்தை அமைத்துக்கொள்ளலாம். மின்சாரம், குடிநீர், கழிவுநீர், போக்குவரத்து என எதையும் அது நடத்தலாம். அதற்கு அந்தச் சட்டம் தந்த அதிகாரங்கள் கனமானவை. கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டலாம். வரி விதிக்கலாம். உரிய விலை கொடுத்து, விற்க மனமில்லாதவரின் சொத்தையும் கையகப்படுத்தலாம். கட்டணத்தை அதன் இயக்குநர் குழுவே நிர்ணயிக்கலாம். தனியார் மின்நிறுவனங்களைப் போல மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்வளவு அதிகாரத்தை ஓர் அமைப்பிடம் கொடுத்தால் அதைக் கட்டுப்படுத்துவது யார்? வாக்காளர்தான். ஸ்மட்டின் ஏழு இயக்குநர்களும் வட்டம் வாரியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். கட்டணத்தை உயர்த்தும் கை, அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு நீள வேண்டிய கை. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இதுவே என்று நான் நம்புகிறேன்.

ஆனால் சட்டம் வந்ததுமே விளக்கு எரிந்துவிடவில்லை. சாக்ரமெண்டோ மக்கள் ஸ்மட்டை உருவாக்க வாக்களித்தது 1923இல். ஸ்மட் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது 1946 டிசம்பர் 31 அன்று. இடையில் 23 ஆண்டுகள். அந்தப் பகுதியின் கம்பிகளும் கம்பங்களும் பி.ஜி.அண்ட்.இ. என்ற பெரிய தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தன. 1934இல் அவற்றை வாங்குவதற்காக 1.2 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் ஒப்புதல் தந்தார்கள். நிறுவனம் வழக்குமேல் வழக்குப் போட்டது. 1946இல் மாநில உச்ச நீதிமன்றம் அதன் கடைசி மனுவையும் தள்ளிய பிறகே கம்பிகள் கைமாறின. 1923இல் வாக்களித்தவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். சொத்தைக் கையகப்படுத்தும் அதிகாரம் சட்டத்தில் இருந்தும், அதைப் பயன்படுத்த ஒரு தலைமுறையின் பிடிவாதம் தேவைப்பட்டது.

உரிமையாளராக இருப்பதில் சுமையும் உண்டு. ராஞ்சோ செகோவைக் கட்ட முடிவெடுத்ததும் மக்கள் தேர்ந்தெடுத்த குழுதான். 1985 டிசம்பரில் கோளாறு ஏற்பட்டு நிலையம் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் முடங்கியது. கட்டணம் எகிறியது. மூடிய பிறகு உலையைப் பிரிக்கும் செலவும் நுகர்வோர் தலையில்தான் விழுந்தது. எரிந்து முடிந்த அணு எரிபொருள் இன்றும் அங்கேயே காவலில் இருக்கிறது. பொதுச் சொத்து என்றாலே எல்லாம் சரியாக நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். தவறு நடந்தபோது அதை நிறுத்தும் வழி ஊர்க்காரர்கள் கையிலேயே இருந்தது என்பதுதான் முக்கியம். உலை நின்ற பிறகு ஸ்மட் மின்சிக்கனத்தில் இறங்கியது. வீடுகளுக்கு நிழல் தந்து குளிர்சாதனத் தேவையைக் குறைக்க, லட்சக்கணக்கான மரக்கன்றுகளை இலவசமாகக் கொடுத்தது. அங்குள்ளவர்களின் மின்கட்டணம் இன்றும் பக்கத்தில் உள்ள பி.ஜி.அண்ட்.இ. கட்டணத்தைவிடக் கணிசமாகக் குறைவு.

இந்த உரிமையை நிரந்தரம் என்று நினைத்துவிடக் கூடாது. 2010இல் கலிஃபோர்னியாவில் 16ஆம் முன்மொழிவு என்று ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தது. உள்ளாட்சிகள் மின்விநியோகத்தில் புதிதாக இறங்கவோ அதை விரிவாக்கவோ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும் என்றது அது. அதற்காகப் பி.ஜி.அண்ட்.இ. சுமார் 4.6 கோடி டாலர் செலவழித்தது. மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். வாக்கு வித்தியாசம் பெரிதல்ல.

மின்சாரமும் தண்ணீரும் இல்லாமல் ஒரு நாளும் நகராது. அவற்றைத் தருபவர் யாராக இருந்தாலும் கட்டணம் விதிக்கவும், பள்ளம் தோண்டவும், நிலம் எடுக்கவும் அதிகாரம் வேண்டும், அதில் மறுப்பில்லை. அந்த அதிகாரம் யாருக்குப் பதில் சொல்கிறது என்று கேளுங்கள். கட்டணம் கட்டுபவருக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத எந்த அமைப்பிடமும், அது அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும், இந்த அதிகாரங்களை ஒப்படைக்கக் கூடாது.