நிவாரணம் எவர் கைக்கு?

வணிக உடன்படிக்கையில் கையெழுத்திடுவது அரசு. அதனால் மலிந்த துணியை வாங்கிப் பயனடைவோர் நாடெங்கும் உள்ள நுகர்வோர். ஆனால் அந்த மலிவுக்குத் தம் வேலையையே விலையாகக் கொடுப்பவரோ தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் ஏழைப் பெண். நாட்டின் நலனுக்கென ஒரு முடிவு எடுக்கப்படுமாயின் அதன் இழப்பையும் நாடே ஏற்க வேண்டும் என்பது எளிய நீதி. பனியன் தொழிலாளர் திறத்தில் இந்நீதி இதுவரை வழங்கப்படவில்லை.

திருப்பூர் என்றதும் நகரத்தையே நினைக்கிறோம். தாராபுரம் வட்டத்துக் குண்டடம் போன்ற ஊர்களை யார் நினைக்கிறார்கள்? அது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் ஆடு மாடுகளும், வீட்டுப் பெண்களின் பனியன் கம்பெனிச் சம்பளமுமே இத்தகைய ஊர்களைத் தாங்குகின்றன. விடியுமுன் சாலையோரத்தில் கம்பெனி வேனுக்குக் காத்திருப்போர் ஓவர்லாக், பேட்லாக் அடிக்கவும், செக்கிங் பார்க்கவும், பிசிர் வெட்டவும் செல்கின்றனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி என்று நாம் பெருமை பேசுவது இவர்கள் கைவேலையைத்தான். ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது அந்த வேன். எவரும் வேலைநீக்கக் கடிதம் கொடுப்பதில்லை. “ஆர்டர் வந்ததும் சொல்லி அனுப்புகிறோம்” என்பதோடு கதை முடிந்துவிடுகிறது.

2011ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். சனவரியில் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலைக் காக்க அது வேண்டியதே; அதை நான் குறைகூறவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் டாக்கா சென்றபோது, வங்கதேசத்தின் 46 வகை ஆடை, துணிப் பொருள்களுக்குச் சுங்கவரி விலக்கு அறிவிக்கப்பட்டது. உள்நாட்டுச் சந்தைக்குத் தைத்த சிறு கம்பெனிகள் அன்றுமுதல் மலிந்த இறக்குமதியோடு போராடின. சாயப்பட்டறைகளின் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. பட்டறையில் வேலை இழந்தவருக்கு என்ன அளித்தது?

2025 ஆகஸ்டு 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோதும் இதுவே நிகழ்ந்தது. இம்முறை அடி விழுந்தது இறக்குமதியால் அன்று, அயல்நாட்டு வரியால். பருத்தி இறக்குமதிக்கான 11 விழுக்காட்டு வரி ஆண்டு முடிவுவரை நீக்கப்பட்டது. நவம்பரில் ஏற்றுமதியாளருக்கு 20,000 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு அரசு உத்தரவாதம் வந்தது. கடன் தவணைக்கு அவகாசமும் வந்தது. இவற்றுள் ஒன்றேனும் தொழிலாளியின் பெயருக்கு எழுதப்பட்டதா?

முதலாளி பிழைத்தால் தொழிலாளியும் பிழைப்பார் என்பர் சிலர். பாதி உண்மை. கடன் பெற்ற நிறுவனம் மீண்டும் எழும். ஆனால் எழும்வரை உள்ள ஆறு மாதங்களில் குண்டடத்துப் பெண் சுயஉதவிக் குழுத் தவணையையும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் எதைக்கொண்டு செலுத்துவார்? நிறுவனத்துக்கு அவகாசம் தந்த வங்கி, அவருக்கும் தந்ததா?

திட்டங்கள் இல்லாமலில்லை. ஆலைமூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்த காப்பீட்டாளருக்கென ஈ.எஸ்.ஐ. கழகம் 2005இல் ஓர் உதவித்தொகையைத் தொடங்கியது. ஆனால் ஆட்குறைப்பு என்று தாளில் எழுதாத ஊரில் அதை எப்படி மெய்ப்பிப்பது? 2018இல் வந்த அடல் திட்டம் 90 நாள்கள் வரை உதவி தருவது. 2020இல் அது சம்பளத்தில் பாதியாக உயர்த்தப்பட்டது. அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. இரண்டாண்டுக் காப்பீட்டு வேலையும் காட்ட வேண்டும். பீஸ் ரேட்டுக்குத் தைத்து, கம்பெனி விட்டுக் கம்பெனி மாறி, சிறு பவர் டேபிள் கூடங்களில் காலம் கழித்தவருக்கு இந்தக் கதவு திறவாது. திட்டத்தின் பெயரைக்கூட அவர் கேட்டிருப்பாரா என்பது ஐயமே.

அமெரிக்காவே 1962இல், இறக்குமதியால் வேலை இழந்தோருக்கென ஓர் உதவித் திட்டத்தைச் சட்டத்தின் வழியே வகுத்தது. 2003 சூலையில் வட கரோலினாவில் பில்லோடெக்ஸ் ஆலைகள் மூடப்பட்டு, அம்மாநிலத்தில் மட்டும் 4,000க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் தெருவுக்கு வந்தபோது, இறக்குமதியே காரணம் என ஏற்று அவர்களுக்கு உதவித்தொகையும் பயிற்சியும் அளித்தது. அத்திட்டத்தில் குறைகள் பல. பயிற்சி பெற்றும் பழைய ஊதியத்தை எட்டாதோர் ஏராளம். 2022 சூலையோடு புதியோரைச் சேர்க்கும் அதிகாரமும் காலாவதியாயிற்று. எனினும், ‘இவர் வேலை இழந்தது தம் குற்றத்தாலன்று’ என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டதே, அது சிறிய செய்தியன்று.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கடலோரத்தில் மீன்பிடித் தடைக்காலத்துக்கென மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது தமிழ்நாடு அரசு. மழைக்காலத்தில் வேலையற்றிருக்கும் உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் தருகிறது. வருமானம் நின்ற மாதங்களில் அரசு கைகொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நாம் ஏற்கெனவே ஏற்றிருக்கிறோம். கடலுக்கும் உப்பளத்துக்கும் பொருந்துவது தையல் எந்திரத்துக்குப் பொருந்தாதா?

யாருக்குத் தருவது, எப்படிக் கண்டறிவது என்ற அதிகாரிகளின் வினாவுக்கும் விடை உண்டு. வரி மாறிய நாளை அரசு அறியும். எவரெவர் பெயரில் சேமநல நிதிப் பங்களிப்பு எந்த மாதம் நின்றது என்பது அரசின் கணினியிலேயே இருக்கிறது. அதில் பெயரில்லாதோரை ஊராட்சிதோறும் பதிவு செய்யலாம். வேன் எந்த வாரம் நின்றது என்பதை ஊரார் அறிவர். அடுத்த முறை ஏற்றுமதியாளருக்கென நிவாரணம் அறிவிக்கப்படும்போது, அதே ஆணையில், அதே நாளில், தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு நேராக ஒரு தொகை எழுதப்பட வேண்டும். அரசிடம் நிவாரணம் பெறும் நிறுவனம் தன் சம்பளப் பட்டியலையும் இணைத்தே விண்ணப்பிக்கட்டும்.