நூற்றுக்குப் பத்து

கொழும்பு மாநகரிலுள்ள பெரிய போசனசாலைகளில் உண்டு முடித்ததும் மேசைக்கு வருகின்ற பற்றுச்சீட்டை நம்மவர் பலர் அடியிலிருந்தே படிக்கின்றனர். மொத்தத் தொகை எவ்வளவு என்று பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, பணத்தை எண்ணி வைத்துவிட்டு எழுந்துவிடுவதே வழக்கமாகிவிட்டது. அம்மொத்தத் தொகைக்குச் சற்று மேலே, அடக்கமாக வேறொரு குறிப்பும் அச்சிடப்பட்டிருக்கும்: சேவைக் கட்டணம், நூற்றுக்குப் பத்து. இவ்வாரம் அந்த ஒரு குறிப்பைப்பற்றியே எழுதக் கருதுகின்றோம்.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிடுதல் நன்று. இஃது அரசாங்க வரியன்று. 2024 ஜனவரி முதல் நூற்றுக்குப் 18 ஆக உயர்ந்த பெறுமதி சேர் வரி திறைசேரிக்குச் செல்வது. அதனை நாம் விரும்பினும் விரும்பாவிடினும் கொடுத்தே தீரவேண்டும். சேவைக் கட்டணமோ ஓட்டற்காரர் தாமே சேர்த்துக்கொள்வது. சமைத்த கைக்கும், பரிமாறிய கைக்கும், கோப்பை கழுவிய கைக்கும் உரியது என்ற பெயரால் வாங்கப்படுவது. பெரிய ஓட்டல்களில் மாத முடிவில் அதனைத் திரட்டி, பதவிக்கேற்பப் புள்ளிக் கணக்கிற் பகிர்ந்தளிப்பது நெடுங்கால வழக்கம். பிரயாணிகள் வந்து நிறைகின்ற மாதங்களில் அடிப்படைச் சம்பளத்தினும் இப்பங்கு மிகுதியாவதும் உண்டு. ஆகவே, பத்தாயிரம் ரூபாவுக்கு உண்பவர் ஒருவர் ஆயிரம் ரூபாவை உபசரணைக்கென்றே தனியாகக் கொடுக்கின்றார். சந்தையிற் கத்தரிக்காய் வாங்குபவன் அதனைப் புரட்டிப் பார்த்து, சொத்தையை விலக்கி வாங்குகின்றான். உபசரணையை விலைக்கு வாங்குபவன் மாத்திரம், அது தனக்குக் கிடைத்ததா இல்லையா என்று பாராமலே பணங் கொடுக்கவேண்டும் என்பது என்ன நியாயம்?

பரிமாறுதல் எளிய தொழில் என்று எண்ணுவோர் அதனைச் செய்து பார்த்ததில்லை. உலகப் புகழ் வாய்ந்த ஓட்டல்களை நடத்திய சீசர் றிற்ஸ் என்பார் 1850ஆம் ஆண்டிற் சுவிற்சர்லாந்து நாட்டின் மலைக் கிராமம் ஒன்றில், உழவர் குடியிற் பிறந்தவர். இளமையில் வேலை பழகிய இடத்தில், இத்தொழிலுக்கு நீ உதவாய் என்று நீக்கப்பட்டவர். அவரே பின்னர் பாரிஸ் நகரிற் பரிசாரகராய் நின்று தொழிலைக் கற்று, 1898ஆம் ஆண்டில் அந்நகரிலேயே தம் பெயரால் ஓட்டலொன்றைத் திறந்தார். அத்துணை தூரம் போவானேன்? எமது காலிமுகத்திடலின் தென்கோடியில் 1864 முதல் இருந்துவரும் காலிமுக ஓட்டலின் வாயிலிலே, வெள்ளுடையும் வெண்மீசையுமாய் நின்ற சாத்துக்குட்டன் என்னும் முதியவரைக் கண்டவர்கள் இன்றும் பலர் உளர். கேரளத்திலிருந்து வந்து, 1942ஆம் ஆண்டில் அங்கே வேலைக்கமர்ந்து, 2014ஆம் ஆண்டிலே 94ஆவது வயதிற் காலமாகும்வரை அத்தொழிலையே போற்றியவர் அவர். வருபவர் அரசரோ ஆண்டியோ, கூப்பிய கையும் மலர்ந்த முகமுமே அவரது வரவேற்பு. ஒரு வாயிலிற் காவல் நின்றே ஒருவர் ஊரறிந்த பெரியவராதல் கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நிற்க. 2025ஆம் ஆண்டில் ஒருநாள், எமது மாணவி ஒருத்தி பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மகிழ்ச்சியில், அவளுடைய தந்தையார் எம்மையும் அழைத்துக்கொண்டு கடலோரத்திலுள்ள ஓர் உயர்தரப் போசனசாலைக்குச் சென்றார். பெயரைச் சொல்லப்போவதில்லை, ஒன்றைச் சொன்னால் மற்றவை தப்பிவிடும். தந்தையார் வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் பயிரிடுபவர். அன்று வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்திருந்தார். தாயார், தம்பி, எம்மோடு சேர்த்து ஐவர். மகள் முதனாளே தொலைபேசியில் இடம் ஒதுக்கிவைத்திருந்தாள்.

வாயிலில் நின்ற இளைஞன் வணக்கம் சொல்லுமுன் எங்களை மேலுங் கீழும் பார்த்தான். கடலை நோக்கிய மேசைகள் நான்கு வெறுமையாய்க் கிடக்க, சமையலறைக் கதவின் அருகே, கதவு திறக்குந்தோறும் புகையும் பாத்திர ஓசையும் வந்து மோதும் மூலை எங்களுக்குக் காட்டப்பட்டது. அம்மேசைகள் முன்னரே ஒதுக்கப்பட்டவை என்றார்கள். கால்மணி நேரத்திற்குள், ஒதுக்கீடு ஏதும் செய்யாத இரு கூட்டத்தினர் வந்து, அவற்றில் இரண்டிற் சிரிப்பொலியோடு அமர்ந்தனர். உணவுப் பட்டியல் ஆங்கிலத்தில் மாத்திரம் இருந்தது. தந்தையார் அதனைச் சிறிது நேரம் மரியாதையாகக் கையில் வைத்திருந்துவிட்டு மகளிடம் கொடுத்தார். "இது உறைக்குமோ அண்ணை?" என்று சிறுவன் கேட்டதற்குப் பரிசாரகன் சுவரைப் பார்த்தவாறே தலையை ஆட்டினான். ஆம் என்றா, இல்லை என்றா என்பது இன்றுவரை விளங்கவில்லை. கேளாமலே இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள் வந்து திறக்கப்பட்டன. சோற்றுக்குப் பின்னர் சூப்பு வந்தது.

இவையெல்லாம் பொறுக்கக்கூடியவை. பொறுக்கமுடியாதது வேறொன்று. நண்டுக் கறி வந்ததும் தந்தையார் கைகழுவி வந்து உண்ணத் தொடங்கினார். அதுவரை கூப்பிட்டும் வாராத பரிசாரகன் விரைந்து வந்து, ஒரு கரண்டியையும் முள்ளுக்கரண்டியையும் அவருடைய தட்டின் அருகே ஓசையெழ வைத்துவிட்டுப் போனான். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தார். நண்டைக் கரண்டியால் உண்ணும் வித்தையை எந்த நாட்டினரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மகளின் வெற்றிக்காக விருந்தளிக்க வந்தவர் அன்று வெறுஞ்சோறே உண்டார். அவள் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பற்றுச்சீட்டு வந்தபோது நாம் வாய் திறக்குமுன் அவளே முகாமையாளரை அழைத்தாள். குரலை உயர்த்தாது இரண்டு கேள்விகள் கேட்டாள். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு 2025 ஏப்ரல் முதலாம் நாள் தொட்டு அரசாங்கம் விதித்த உச்ச விலை 100 ரூபாவாக இருக்க, இங்கு 450 ரூபா எழுதியிருப்பது எவ்வாறு என்பது முதலாவது. தண்ணீர்க் கணக்கு உடனே திருத்தப்பட்டது. உணவுக்கு 24,000 ரூபா, சேவைக்கு 2,400 ரூபா என்று போட்டிருக்கின்றீர்களே, அந்தச் சேவை எது என்பது இரண்டாவது. அதற்கு அவர், "அது கொம்பனியின் விதி" என்றார். விதியை யார்தாம் மாற்றவல்லார்! பணம் கொடுக்கப்பட்டது. தந்தையார் மேலும் ஓர் ஐந்நூறு ரூபாத் தாளை மடித்துத் தட்டின்கீழ் வைத்தார். எமது வியப்பைக் கண்டு, "பொடியன் பாவம், மாஸ்ரர். நாங்கள் வந்த நேரந்தொட்டு ஒருக்காலும் இருக்கேல்லை" என்றார்.

அவர் கண்டது உண்மை. அந்த இளைஞனைத் திட்டுவது எளிது. 2025ஆம் ஆண்டிலே நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. எங்கள் ஐவரின் ஒருவேளை உணவுக்கான பற்றுச்சீட்டு அதனை எளிதில் தாண்டிவிட்டது. ஒருவனுடைய மாத ஊதியத்தைப் பிறர் ஒருமணி நேரத்தில் உண்டு தீர்ப்பதை நாடோறும் நின்று பார்ப்பவனிடம் மலர்ந்த முகத்தை எதிர்பார்ப்பது சிறிய எதிர்பார்ப்பன்று. 2019 ஏப்ரற் குண்டுவெடிப்புகளுக்கும், அடுத்து வந்த கொள்ளை நோய்க்கும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்கும் பின்னர், இத்தொழிலிற் பழுத்த கைகள் பல வளைகுடா நாடுகளுக்கும் மாலைதீவுக்கும் போய்விட்டன. 1960களில் தொடங்கிய இலங்கை ஓட்டற் பள்ளியில் முறையாகப் பயின்றவர்களையும் வெளிநாட்டார் விரும்பி அழைக்கின்றனர். எஞ்சிய இடங்களுக்கு, ஒரு கிழமைப் பயிற்சியோடு பிள்ளைகள் நிறுத்தப்படுகின்றனர். தட்டை எப்பக்கமாக வைப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கின்றார்கள். வேட்டி கட்டியவரையும் கோட்டுப் போட்டவரையும் ஒரே கண்ணாற் பார்க்கவேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அல்லது, வேறு கண்ணாற் பார்க்கும்படியே சொல்லிக்கொடுக்கின்றார்களோ என்ற ஐயமும் எமக்கு உண்டு. கடலோர மேசையை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பவன் அந்தப் பரிசாரகன் அல்லன்.

இனி, வெள்ளவத்தையிலோ செட்டியார் தெருவிலோ ஒரு சைவக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். மேசையில் ஈரம் உலர்ந்திராது. கதிரை ஒருகால் ஆடும். ஆயினும் அமர்ந்த மாத்திரத்தில் வாழையிலையோ தட்டோ வந்துவிடும். பரிமாறுபவர், உள்ள பலகாரம் எல்லாவற்றையும் மூச்சு விடாது ஒப்புவிப்பார். வடையும் றோலுமாகப் பத்துப் பன்னிரண்டு அடுக்கிய தட்டை நடுவே வைத்துவிட்டுப் போய்விடுவார். எத்தனை எடுத்தீர்கள் என்பதை எழும்போது நீங்கள்தாம் சொல்லவேண்டும். மூட்டை தூக்குபவரும் சட்டத்தரணியும் எதிரெதிரே அமர்ந்து இஞ்சிப் பிளேன்ரீ குடிப்பர். இருவர் சொல்லும் கணக்கும் ஒரேவிதமாக நம்பப்படும். சேவைக் கட்டணம் என்று அங்கு ஒரு சதமும் எழுதுவாரில்லை. இக்கடைகளில் எல்லாமே நல்லவை என்று நாம் சொல்லவரவில்லை. தேநீருக்குள் விரல் தோயக் கொண்டுவருபவரையும் கண்டிருக்கின்றோம். ஆனால் உள்ளே வருபவனை எடைபோடும் தராசு அங்கே வாயிலில் வைக்கப்பட்டிருக்கவில்லை.

இவ்விடயத்தைப் பேசத் தொடங்கினால் நம்மவர் உடனே திருவள்ளுவரைத் துணைக்கழைப்பர். விருந்தோம்பல் என ஓர் அதிகாரமே வகுத்தவரல்லவா என்பர். எமது கருத்து அதற்கு மாறானது. வள்ளுவர் கூறிய விருந்து விலைக்கு விற்கும் பொருளன்று. தன் வீட்டில், தன் உணவிற் பங்கு கொடுப்பது. அங்கு விருந்தினன் குறை கூறுதல் முறையன்று. போசனசாலைக்குச் செல்பவன் விருந்தினன் அல்லன், விலை கொடுத்தவன். அவனை விருந்தினன் என்று அழைப்பது வணிகர்களின் இனிய தந்திரம். அவ்வாறு அழைக்கப்பட்டதனாலன்றோ நம்மவர் பலர், பிறர் வீட்டிற்குச் சென்றவர்போலக் கூசி, கொடுத்ததை உண்டு, குறை சொல்லாது எழுந்து வருகின்றனர்!

பிறநாட்டார் இதனைச் சட்டப் பிரச்சினையாகவே கையாண்டனர். பிரான்சு நாட்டில், சேவைக்கென வாங்கும் பணத்தை ஊழியரிடம் சேர்ப்பிக்கவேண்டும் என்ற சட்டம் 1933ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பிரித்தானியாவில் 2023ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டு, 2024 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்த சட்டம், இனாமையும் சேவைக் கட்டணத்தையும் முதலாளி பிடித்துவைத்தலைத் தடுக்கின்றது. அயலிலுள்ள இந்தியாவோ வேறு வழியிற் சென்றது. அங்குள்ள மத்திய நுகர்வோர் பாதுகாப்பு அதிகார சபை, உண்பவரைக் கேளாது சேவைக் கட்டணத்தைத் தானாகவே சேர்த்தலாகாது என்று 2022 ஜூலையில் அறிவித்தது. ஓட்டற்காரர் சங்கத்தினர் வழக்காடினர். 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. உபசரணை பிடித்திருந்தாற் கொடு, பிடிக்காவிடில் விடு என்பது அங்குள்ள நிலை. எமக்கு இவற்றுள் பிரித்தானிய வழியே கூடுதலாகப் பிடிக்கின்றது. பத்தை ஒழித்துவிட்டால் நட்டப்படுபவன் நாள்முழுதும் நிற்கும் இளைஞனேயன்றி முதலாளியல்லன்.

இங்கே நாம் செய்யக்கூடியவை சில உள. தண்ணீர்ப் போத்தல் திறக்கப்படுமுன்னரே, சாதாரணத் தண்ணீர் போதும் என்று சொல்லிவிடலாம். காட்டப்பட்ட மூலை பிடிக்காவிடின், அமருமுன் வேறிடம் கேட்கலாம். அமர்ந்தபின் கேட்பது கடினம். கையால் உண்பவர் கையாலேயே உண்ணலாம். கரண்டி கொண்டுவருபவரிடம், வேண்டாம் தம்பி, என்று தமிழிலேயே சொல்லலாம். பற்றுச்சீட்டை மேலிருந்து கீழாகப் படித்து, புரியாததை அவ்விடத்திலேயே முகாமையாளரிடம் கேட்கலாம். பரிசாரகனிடம் கேட்டு அவனைச் சங்கடப்படுத்தவேண்டியதில்லை. உச்ச விலைக்கு மேல் விற்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்னும் இலக்கத்தில் அறிவிக்கலாம். முகச்சுளிப்புக்கு உச்ச விலை விதித்த சட்டம் எதுவும் இல்லை; அதற்கு அந்த இடத்திலேயே நாகரிகமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்றே வழி.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை கொழும்பு ஓட்டல்களிற் பரிமாறச் செல்லும் எமது மாணவர்கள் ஆண்டுதோறும் பெருகிவருகின்றனர். இப்பக்கத்தைப் படிப்போருள் அவர்களும் இருப்பர். வேலையில் அமருமுன், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாது, அந்த நூற்றுக்குப் பத்தில் தமக்கு எத்தனை புள்ளி, அது எத்திகதியிற் கைக்கு வரும், உடைந்த கோப்பைக்கு அதிலிருந்து எவ்வளவு கழிப்பார்கள் என்பவற்றையும் கேட்டு எழுத்திற் பெற்றுக்கொள்வார்களாக.