புற்றுநோய்க் காப்பீடு: எடுக்கலாமா, போதுமா?

நாமக்கல்லில் ஒரேயொரு லாரியை வைத்துத் தொழில் நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர், அண்மையில் ஒரு துண்டுப் பிரசுரத்துடன் சேலத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். புற்றுநோய்க்கு மட்டுமான காப்பீட்டுத் திட்டத்தின் விளம்பரம் அது. அவருடைய அண்ணன் வாய்ப்புற்றுநோயால் இறந்தவர். அந்தச் சிகிச்சைக்காகத்தான் குடும்பத்தின் இரண்டு லாரிகளில் ஒன்று விற்கப்பட்டது. "சார், இதை எடுக்கலாமா? இது ஒன்று போதுமா?" என்று கேட்டார்.

இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுள்ள நிலையில், பல குடும்பங்கள் இவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டிய நேரம் இது.

இத்தகைய திட்டங்கள் பொதுவாக மருத்துவமனைக் கட்டணத்தைச் செலுத்துவதில்லை; நோய் உறுதியானதும் ஒரு நிலையான தொகையைக் கையில் தருகின்றன. எல்ஐசி 2017-இல் அறிமுகப்படுத்திய திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆரம்ப நிலைப் புற்றுநோய்க்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம். முற்றிய நிலைக்கு, முன்பு கொடுத்தது போக முழுத் தொகை. அதாவது, 20 லட்சத்துக்குக் காப்பீடு செய்தவருக்கு ஆரம்ப நிலையில் கிடைப்பது 5 லட்சம். முதல் 180 நாள்களுக்குள் நோய் கண்டறியப்பட்டால் பலன் இல்லை. நோயே வராவிட்டால், கட்டிய பிரீமியம் திரும்பாது.

போதுமா என்ற கேள்விக்கு என் விடை, போதாது. இந்தியர்களில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரக்கூடும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டு மதிப்பீடு. சிறிய அபாயமன்று. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவையும் குடும்பங்களைக் கடனாளியாக்குகின்றன. லாரி ஓட்டுபவருக்கு நெடுஞ்சாலை விபத்தும் அன்றாட அபாயம். இவற்றுக்கெல்லாம் புற்றுநோய்க் காப்பீடு ஒரு ரூபாயும் தராது.

அப்படியிருந்தும் அது ஏன் நம்மைக் கவர்கிறது? அமெரிக்க ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை விளக்குகிறது. "எந்தக் காரணத்தால்" மருத்துவமனையில் சேர்ந்தாலும் பணம் தரும் காப்பீட்டைவிட, "எந்த நோயால்" சேர்ந்தாலும் தரும் காப்பீட்டுக்கு மக்கள் அதிகப் பணம் தர முன்வந்தனர். முன்னதில் பின்னது அடக்கம் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. அச்சத்துக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் கணக்கு தடுமாறிவிடுகிறது.

எனவே, எல்லா நோய்களையும் உள்ளடக்கிய குடும்ப மருத்துவக் காப்பீடே முதல் படி. அதன் வரம்பு குறைவென்றால், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட செலவை ஏற்கும் 'சூப்பர் டாப்-அப்' இரண்டாம் படி. புற்றுநோய்க் காப்பீடு மூன்றாவதாகத்தான் வர வேண்டும்.

அந்த மூன்றாம் படியை எடுக்கலாமா என்பது, நோயுற்றால் வருமானம் நின்றுவிடுமா என்பதைப் பொறுத்தது. எனக்கு நோய் வந்தாலும் ஓய்வூதியம் மாதந்தோறும் வந்துவிடும். எனக்கு அது தேவையில்லை. என் மாணவர் படுத்துவிட்டால் லாரி நிற்கும். கடன் தவணை நிற்காது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக அடையாறிலோ வேலூரிலோ கோவையிலோ வாரக்கணக்கில் தங்க நேரிட்டால், துணைக்குச் செல்பவரின் கூலியும் போய்விடும். மருத்துவமனை ரசீதில் இடம்பெறாத இந்த இழப்புகளை வழக்கமான காப்பீடு ஈடுசெய்வதில்லை. கையில் மொத்தமாகக் கிடைக்கும் தொகை அங்கேதான் உதவும். பள்ளிபாளையத்து விசைத்தறிக்காரருக்கும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரருக்கும் இதே கணக்குதான்.

இன்னொன்றும் சொன்னேன். விண்ணப்பத்தில் குடும்ப நோய் வரலாறு கேட்கப்பட்டால், அண்ணனின் நோயை மறைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என முகவர் நிரப்பிய படிவத்தில் கையெழுத்திட்டால், பின்னாளில் இழப்பீடு மறுக்கப்படுவதற்கு நாமே காரணம் ஆகிவிடுவோம்.

இதில் அரசின் பங்கும் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆண்டு வருமான வரம்போ 1,20,000 ரூபாய். ஒற்றை லாரி உரிமையாளர் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார்; பெருநிறுவன ஊழியருக்குள்ள பாதுகாப்பும் அவருக்கு இல்லை. இப்படி நடுவில் விடுபட்டவர்கள் நாட்டில் ஏறத்தாழ 40 கோடிப் பேர் என்று நீதி ஆயோக் 2021-இல் கூறியது. அதே ஆண்டு ராஜஸ்தான், ஆண்டுக்கு 850 ரூபாய் செலுத்தும் குடும்பங்களையும் தன் அரசுக் காப்பீட்டில் சேர்த்துக்கொண்டது. காப்பீட்டுத் திட்டத்தை 2009-லேயே தொடங்கிய தமிழ்நாடு, நியாயமான கட்டணம் பெற்றுக்கொண்டு இவர்களுக்கும் கதவைத் திறக்கலாம்.

அதுவரை குடும்பங்கள் தம் பாதுகாப்பைத் தாமே வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டியதுதான். என் மாணவர் முதலில் குடும்பம் முழுமைக்குமான காப்பீட்டை எடுப்பதாகச் சொல்லிவிட்டுச் சென்றார். துண்டுப் பிரசுரத்தைத் தூக்கிப் போடவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன் முறை பிறகு வரும்.