படைவீரர் நினைவுக்கு ஊரில் ஓர் இடம்

மெட்ராஸ் ரெஜிமென்டின் அருங்காட்சியகம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில், ராணுவ வளாகத்துக்குள் இருக்கிறது. ஆனால், அப்படையின் வேர் கடலூர் மண்ணில்தான் ஊன்றியது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது, தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டை கிழக்கிந்திய நிறுவனத்தின் தலைமையிடமானது. 1748-இல் அங்கு வந்திறங்கிய ஸ்டிரிங்கர் லாரன்ஸ், சிதறிக்கிடந்த காவல் படையினரைப் பயிற்சி பெற்ற படையாக்கும் பணியைத் தொடங்கினார். 1758-இல் அவர்கள் பட்டாலியன்களாக ஒழுங்கமைக்கப்பட்டனர். அதே ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைக் கைப்பற்றித் தகர்த்தார். இன்று அங்கே எஞ்சியிருப்பவை இடிபாடுகளே.

கடலூரிலிருந்து சுமார் 60 கி.மீ. மேற்கே உள்ள விருத்தாசலத்துக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. கர்நாடகப் போர்களின்போது விருத்தகிரீசுவரர் கோயிலின் மதில்களே கோட்டையாகப் பயன்பட்டன. 1751-இல் திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பப்பட்ட உதவிப் படையுடன் விருத்தாசலம் வரை வந்த ராபர்ட் கிளைவும் ஜார்ஜ் பிகட்டும் திரும்பிச் செல்லும் வழியில் பாளையக்காரரின் ஆள்களால் தாக்கப்பட்டனர். குதிரைகளின் வேகத்தால் இருவரும் தப்பினர். உடன் சென்ற சிப்பாய்களில் பலர் மாண்டனர். கிளைவ் தப்பியதை வரலாற்று நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. மாண்ட சிப்பாய்கள் எந்த ஊரார், என்ன பெயரினர் என்பதை அவை சொல்வதில்லை.

இந்தப் பெயரின்மை பதினெட்டாம் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை. முதல் உலகப் போருக்கு ஆள் அனுப்பிய தமிழகக் கிராமங்கள் பலவற்றில் அந்தக் காலக் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என எண்ணிக்கையை மட்டுமே அவை தெரிவிக்கின்றன. இராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன; இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். இத்தகைய பாகுபாட்டை 2021-இல்தான் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது.

மன்னிப்பு லண்டனிலிருந்து வரலாம். பெயர்கள் அங்கிருந்து மட்டும் வந்துவிடா. அவற்றில் பல நம் ஊர்களில், பழைய பெட்டிகளில் கிடக்கும் பதக்கங்களிலும் பணிச் சான்றுகளிலும் கடிதங்களிலும் இருக்கின்றன. பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். அதன் மதிப்பை அறியாத தலைமுறையின் கைக்கு வரும்போது, வெள்ளியின் எடைக்கு அது விலைபோகிறது. ஒரு குடும்பத்தின் சான்று அத்துடன் அழிகிறது.

எனவே, விருத்தாசலம் போன்ற நகரில், அரசு வசமுள்ள பழமையான கட்டடம் ஒன்றில், தன்னார்வலர்கள் நடத்தும் படைவீரர் அருங்காட்சியகம் அமைய வேண்டும் என்பது என் கருத்து. ராணுவத்தின் அருங்காட்சியகங்கள் படைப்பிரிவின் வெற்றிகளையும் விருதுகளையும் பேணுகின்றன. அது அவற்றின் கடமை. வீடு வீடாகச் சென்று பெயர்களைத் திரட்டும் வேலைக்கு உள்ளூர் மனிதர்கள் வேண்டும். ஓய்வு பெற்ற வீரர்கள், ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள் ஆகியோரே அதற்குப் பொருத்தமானவர்கள்.

தன்னார்வம் மட்டுமே போதாது என்பதற்கு பிரிட்டனிலேயே பாடம் உண்டு. பிரஸ்டன் நகரில், 1840-களில் கட்டப்பட்ட ஃபுல்வுட் படை முகாமில் லங்காஷயர் காலாட்படை அருங்காட்சியகம் இயங்கிவருகிறது. தன்னார்வலர்களின் உழைப்பு அதற்குப் பெரிய பலம். ஆனால், முகாமை மூடப்போவதாக 2016-இல் அரசு அறிவித்ததும் அருங்காட்சியகத்தின் எதிர்காலமே கேள்விக்குள்ளானது. பிறருடைய கட்டடத்தில் வாய்மொழி அனுமதியை நம்பிப் பொருள்களைச் சேர்ப்பது ஆபத்து. நீண்டகாலக் குத்தகை எழுத்து வடிவில் இருக்க வேண்டும். பதிவு பெற்ற அறக்கட்டளையும், ஒவ்வொரு பொருளுக்கும் பதிவேடும், கொடுத்தவருக்கு ரசீதும் தேவை. பொருளைத் தர மனமில்லாத குடும்பத்திடம் ஒளிப்படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடலாம். பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கடினமான கேள்வி வேறொன்று உண்டு. கிழக்கிந்திய நிறுவனத்துக்காகவும் பேரரசுக்காகவும் போரிட்டவர்களை நாம் ஏன் நினைவுகூர வேண்டும்? நினைவுகூர்வது வேறு, புகழ்வது வேறு என்பதே என் பதில். கிளைவுடன் சென்று மாண்ட சிப்பாயும், அவரைத் தாக்கிய பாளையக்காரரின் வீரரும் ஒரே கூரையின்கீழ் இடம்பெற வேண்டும். 1806-இல் வேலூரில் கிளர்ந்தெழுந்தவர்களும், மலேயாவில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும், விடுதலைக்குப் பிந்தைய போர்களில் வீழ்ந்தவர்களும் அங்கே இருக்க வேண்டும். பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிப் படையில் சேர்ந்தவரின் கதையை மறைத்து, வீரத்தை மட்டும் காட்டினால் அது அரை உண்மை. படைப்பிரிவின் பெருமையைக் காக்கும் பொறுப்பு இல்லாத உள்ளூர் அருங்காட்சியகத்துக்கு முழு உண்மையைச் சொல்லும் சுதந்திரம் உண்டு.

2024-இல் வெளியான 'அமரன்' திரைப்படம், மேஜர் முகுந்த் வரதராஜனின் பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. எல்லா வீரருக்கும் திரைப்படம் வாய்க்காது. ஆனால், ஒரு பெயரைப் பொறிக்க ஓர் ஓடு போதும். விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற நகர். செராமிக் தொழிற்பேட்டையும் அத்தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இங்கே இருக்கின்றன. சூளையில் சுட்ட எழுத்து வெயிலிலும் மழையிலும் எளிதில் அழியாது. கிராமத்துக் கல்வெட்டுகள் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்ட பணியை, விருத்தாசலத்தின் சூளைகள் பெயர்களோடு நிறைவுசெய்யட்டும். மாவட்ட நிர்வாகம் ஒரு கட்டடத்தை ஒதுக்கினால், பெயர் திரட்டும் வேலையை நாளையே தொடங்கலாம். பெட்டிகளில் இருக்கும் காகிதங்கள் நெடுநாள் காத்திருக்கமாட்டா.